எட்டாயிரத்து எண்பது

தை செங்கில் பதினோராவது மாடி.
இரவு ஒன்றிலிருந்து மூன்று வரை
எனக்குத் தந்திருக்கிறார்கள்.
அதற்குள் ஏற்ற வேண்டும்,
இல்லையென்றால் இருந்தபடி விட்டுவிட்டு
இறங்கிப் போக வேண்டும்.

புதுச் சர்வர் கேட்டிருந்தேன்.
"பழையதிலேயே இடம் இருக்கிறதே" என்றார் பெங் ஹுவாட்,
உபியில் எனக்கு அறை காட்டிய முகவரின்
அதே குரலில்.

ஏற்கெனவே மூன்று பேர் குடியிருக்கிறார்கள் அதில்.
விடுப்பு விண்ணப்பம்.
சம்பளச் சீட்டு.
இன்னொன்று என்ன செய்கிறதென்று யாருக்கும் தெரியாது,
தினமும் விடியற்காலை நாலு மணிக்கு விழித்து
எதையோ எண்ணிவிட்டுத் தூங்கிவிடுகிறது.
எல்லாருக்கும் ஒரே வாசல்:
எட்டாயிரத்து எண்பது.

நான் கொண்டுவந்தது சின்னது,
நாற்பத்தோரு மெகாபைட், ஒற்றைப் பொட்டலம்.
துவாஸில் இரவுப்பணி முடிப்பவர்கள்
திரும்பும் பேருந்தில் இடம் பிடிக்க.

கோப்புறையில் வைத்தால் போதும்,
தானே அவிழ்ந்து தானே அடுக்கிக்கொள்ளும் என்பார்கள்.
வைத்தேன்.
அவிழ்ந்தது.
அடுக்கும்போது முட்டிக்கொண்டது.
பொது அலமாரியில் அதே பெயரில்
ஒன்பது வருடப் பழைய நூலகம்.
என் புதியதை விட்டுவிட்டு அதைக் கையில் எடுத்து
'அப்படியொரு முறையே இல்லை' என்று
இருநூறு வரிக்குக் கத்தியது லாக்.

மேடம் கோவின் குளிர்பெட்டியில்
இரண்டாவது தட்டு என்னுடையது.
கீழ்த்தட்டில் ஒரு புட்டி சம்பல்
நான் குடிவந்த நாளிலிருந்து இருக்கிறது.
எறிந்துவிடலாம்தான்.
யாருடையது என்று தெரியாமல்
எப்படி எறிவது?

நிறுத்தித் தொடங்கினால் எளிது.
மாதக் கடைசி; சம்பளம் ஓடிக்கொண்டிருக்கிறது.
என்னுடையதை மட்டும் கழற்றி
உள்ளே ஒரு வரி சேர்த்தேன்:
முதலில் உன் பையைப் பார்,
அதில் இல்லாவிட்டால் வீட்டைக் கேள்.

வேறெங்காவது முட்டுமோ என்று
மைய அமைப்புக் கோப்பைத் திறந்தேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
ரஸ்லான் என்று ஒருவர், 2013 ஜூலை,
பாதி மலாய் பாதி ஆங்கிலத்தில்:
"இதைத் தொடாதீர்கள். காரணம் பிறகு எழுதுகிறேன்."
அடுத்த வரி காலி.

அதற்கடுத்ததும்.

இரண்டு நாற்பதுக்குத் திறந்தது என் பக்கம்,
வெள்ளையாய், நடுவில் ஒரு பெட்டி,
பெயர் கேட்டுக்கொண்டு.
பக்கத்து மூவரும் அசையவில்லை.
இரண்டு ஐம்பத்தொன்றுக்கு முதல் ஆள்:
ஷஃபிகுல், பதினான்காம் இருக்கை, ஜன்னலோரம்.

ரஸ்லானுக்குக் கீழே
'நானும் தொடவில்லை, யாழரசி' என்று
எழுதி வைக்கத் தோன்றியது.
எழுதிச் சேமித்தால் தொட்டதாகிவிடும்.
மூடிவிட்டேன்.

முதல் ரயிலுக்கு வெகுநேரம் இருந்தது.
நடந்தேன்.
சாவியைத் திருப்பி, செருப்பைக் கையில் பிடித்து,
இருட்டிலேயே என் அறைக்குள் போனேன்.
நாலு மணிக்கு, மூன்றாவது அறையில்,
இன்றுவரை நான் முகம் பார்த்திராத யாரோ
எழுந்தார்.
குழாய் கொஞ்சம் ஓடியது.
நின்றது.