வரையறுக்கப்பட்ட பொறுப்பு

டுலூத் நகரில் பல் டாக்டர் காலி செய்த அறை.
நாற்காலியைப் பிடுங்கிய இடத்தில் நான்கு துளைகள்.
அவற்றின் மேல் மேசையைப் போட்டோம்
மாரிட்டும் நானும்.

பதினோரு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து
பிறர் திருமணங்களைப் பிரித்தவர்கள்:
படகு யாருக்கு, நாய் யாருக்கு,
உறைபெட்டியில் மிஞ்சிய மான்கறி யாருக்கு.
இப்போது படிவம் கேட்கிறது
நீங்கள் இருவரும் என்ன ஆகப்போகிறீர்கள் என்று.

"வெறும் கூட்டு என்றால்
நீ தவறவிடும் ஒரு தேதிக்கு
என் வீடு போகும்."
"நான் தேதி தவறவிட்டதில்லை."
"பிப்ரவரி," என்றாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கணக்கர் நீமி தொலைபேசியில் இருமினார்.
எல்.எல்.சி. போதும்,
எஸ் கார்ப்பரேஷன் எல்லாம் பிறகு,
முதலில் வருமானம் வரட்டும்.
எந்தக் குடையைப் பிடித்தாலும்
அவரவர் கைப்பிழை அவரவர் தலைக்குத்தான், தெரியுமல்லவா?
தெரியும்.

ஏரியில் தாதுக் கப்பல் ஊதியது.
பாலம் மெல்ல எழுந்து வழிவிட்டது.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம்: பிரிந்தால்?
அதைத்தான் முதலில் எழுதினோம்,
பேனா தயங்காமல்.
கோப்புகள், வாடகை முன்பணம், பெயர்ப்பலகை,
காபி இயந்திரம்
என்று வந்ததும் மாரிட் கையை எடுத்துவிட்டாள்.
"அதை விடு."
விட்டேன். கோடு வெறுமையாகவே கிடக்கிறது.

நாலரைக்கே இருட்டிவிட்டது.
முதல் ஆள் கதவைத் தட்டினார்,
ஒரு கன்னத்தைப் பொத்திக்கொண்டு:
டாக்டர் இருக்கிறாரா?