மாற்றுக் குளம்

புளியரையில் சாரல் பிடித்தால்
மேற்கு ஜன்னலைச் சாத்துவார்கள் எல்லோரும்.
நான் திறப்பேன்.
ஆரியங்காவுக் கணவாய் அனுப்பும் காற்று
ஆறு கார்டுகளுக்கும் தாராளம்,
இரண்டு டேபிள் ஃபேன் மிச்சம்.
துளி உள்ளே தெறிக்காமலிருக்கக்
கொசுவலையை இரண்டாய் மடித்து ஆணியடித்திருக்கிறேன்.

கார்டுகள் புனலூர் சாஜனுடையவை.
வெங்காயப் பெட்டியில் வைக்கோல் திணித்து
ரயிலில் கொண்டுவந்து இறக்கினான்.
"கறண்டு பில் தாங்ஙில்லா சேச்சி."
நகை வைத்த சீட்டு என் பர்ஸில் இருக்கிறது,
இரண்டே முக்கால் பவுன்.

தனியாகத் தோண்டினால்
ஒரு காசு கிடைக்க நாற்பது வருஷம் ஆகலாம்,
நாளைக்கே கிடைத்தாலும் கிடைக்கலாம்.
அதனால்தான் குளம்.
ஆயிரம் பேர் ஒரே கணக்கைப் போட்டு
யாருக்கோ விடை விழ
எல்லோருக்கும் பங்கு பிரிகிற குளம்.
மடைக்காரனுக்கு நூற்றுக்கு ஒன்று.
எங்கள் ஊர்க் குளத்தில்
முறைத்தண்ணீருக்கு மண்வெட்டியோடு நிற்பவர்கள்
ஒருவர் முகத்தை ஒருவர்
சந்தேகமாகவாவது பார்த்துக்கொள்வார்கள்.
இந்தக் குளத்தில் எனக்குப் பக்கத்துக் கரைக்காரன்
பின்லாந்தா, பிரேசிலா,
வாடகை பாக்கி வைத்தவனா, தெரியாது.

அமைப்புக் கோப்பு ஒன்பதே வரி.
குளத்தின் முகவரி, முக்காற்புள்ளி,
வாசல் எண் நாலும் மூன்று.
அடுத்து என் பணப்பை முகவரி:
நாற்பத்திரண்டு எழுத்தையும்
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுச் சரிபார்த்தேன்.
பிறகு ஒரு புள்ளி. வேலையாள் பெயர்.
கடவுச்சொல் கேட்குமிடத்தில் வெறும் எக்ஸ்.
உள்ளே வருகிறவன்
எனக்காக உழைக்கத்தான் முடியும்,
எடுக்க ஒன்றுமில்லை.

வேலையாள் பெயர் அனுமோள்.
சாஜன் மகள், மூன்றாங்கிளாஸ்.
நான் மாற்றவில்லை.
நிமிஷத்துக்கு நாலு தடவை பச்சையில் வரும்:
அனுமோள். ஏற்கப்பட்டது.
சிவப்பில் எப்போதாவது:
தாமதம். நிராகரிப்பு.
அப்போதெல்லாம் பிள்ளை பள்ளிக்கூட வாசலில்
நிற்பதுபோல் ஒரு நினைப்பு.

ஐந்தாம் வாரம் கணக்கு உதைத்தது.
மீட்டர் ஓடியிருக்கிறது,
பங்கு வரவில்லை.
பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் காணோம்.
கோப்பைத் திறந்து
முதல்நாள் நான் படிக்காமல் விட்ட ஏழாவது வரியைப் படித்தேன்.
முதல் குளம் நின்றுபோனால்
போய்ச் சேரவேண்டிய மாற்றுக் குளம்.
அதில் சாஜனின் பணப்பை.

"ஞான் அறிஞ்ஞில்லல்லோ சேச்சி."
பொய்யில்லை.
பொய் சொல்பவன் இத்தனை நேரம்
வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டான்.
திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான்,
எண்பத்தொன்று சேர்ந்திருக்கிறதாம்.
நூறு ஆனால்தான் மடை திறப்பார்கள்.
"ரண்டு திவசம் கூடி ஓடட்டே. பாதி தராம்."

எண்பத்தொன்று.
என் கரண்டு, அவன் பெயர்,
இரண்டு பேருக்கும் எட்டாத தண்ணீர்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு
ஏழாம் வரியின் தலையில் ஒரு வேலிக்குறி போட்டேன்.
அழிக்கவில்லை,
படித்தும் படிக்காததுபோல் இயந்திரம் தாண்டிப்போகும்.
என் முகவரியை அங்கே எழுத
காலையில் உட்காரலாம் என்றிருந்தேன்.

ராத்திரி ஒன்றேகாலுக்கு முதல் குளம் நின்றது.
போக்கிடமில்லாத ஆறு கார்டுகளும்
விடியும்வரை ஒரே வரியை எழுதியிருக்கின்றன:
மீண்டும் முயல்கிறேன்.
மீண்டும் முயல்கிறேன்.
முந்நூற்றுச் சொச்சம் தடவை.
நான் நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

ஆறரைக்குக் கை வைத்துப் பார்த்தால்
ஆற்றுக் கல் மாதிரி ஜில்லென்றிருந்தன.
கொல்லம் வண்டி கூவிக்கொண்டே மேற்கே ஏறியது.
வேலிக்குறியை எடுத்தேன்,
முகவரியை அப்படியே விட்டுவிட்டு.

சூடேற நாலு நிமிஷம் ஆயிற்று.
அனுமோள். ஏற்கப்பட்டது.
சாஜனிடம் இன்னும் சொல்லவில்லை.
தொண்ணூறு ஆகட்டும்.
பாதி என்றானே,
எந்தப் பாதி என்று அப்போது கேட்கிறேன்.