வாங்கிப் போகாத படங்கள்

பத்தொன்பது வருஷமாய் சயானில் குடியிருக்கிறேன்.
ஊரிலிருந்து யாராவது வந்தால் மட்டும்
கேட்வே ஆஃப் இந்தியா.
அவர்கள் பைகளைப் பிடித்துக்கொண்டு
அவர்களைப் படமெடுத்துக் கொடுப்பேன்.
இன்று செவ்வாய்க்கிழமை, ஈட்டு விடுப்பு.
விருந்தாளி நானே.

“ஒரே நிமிஷத்தில் பிரிண்ட், அறுபது ரூபாய்,
வளைவும் வரும், தாஜும் வரும்”
என்றவர் கழுத்து அட்டையில்
லல்லன் பிரசாத் என்றிருந்தது.
நின்றேன்.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
ஒன்றைக் கைப்பையிலும்
மற்றதை அந்தரத்திலும் வைத்தேன்.
தோளில் தொங்கிய பிரிண்டர்
ஒரு முறை முனகி
அணைந்தது.

பேட்டரி தீர்ந்துபோச்சு.
ரீகல் தாண்டி மச்சானின் ஜெராக்ஸ் கடையில் இன்னொன்று இருக்கிறதாம்.
“மேடம் எந்தப் பக்கம்?”
மியூசியம்.
“அப்ப வழிதான்.”

பத்து நிமிஷ நடை என்கிறது போன்.
போனுக்குத் தெரியாது
என் இடது முழங்காலை;
நடைபாதையில் தூங்கும் நாய் எதையும்
எழுப்பக் கூடாதென்ற லல்லனின் கொள்கையை.
அவர் இந்தியும் என் இந்தியும்
வெவ்வேறு ஊரில் உடைந்தவை.
துண்டுகள் எப்படியோ பொருந்தின.

பையைத் திறந்து காட்டினார்.
ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு.
படகு கிளம்புகிறதென்று ஓடிவிட்டவர்கள்.
படம் வெளியே வருவதற்குள் சண்டை மூண்டு
ஆளுக்கொரு பக்கம் நடந்த புது ஜோடி.
பலூனுக்கு அழுத பிள்ளையின் பின்னால் போய்
திரும்பாத ஒரு தகப்பன்.
எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.
எல்லோர் முதுகிலும்
பால்பாயிண்டில் தேதி.

“எதுக்கு வச்சிருக்கீங்க?”
“ஒருத்தர் பதினோரு மாசம் கழிச்சு வந்தார்.”
“மத்தவங்க?”

அதற்குள் ரீகல் வட்டம்.
எந்தப் பக்கம் பார்த்தாலும் டாக்சி.
அவர் கையை உயர்த்தினார்;
சிவப்புப் பேருந்து ஒன்று
தன்னைத்தான் எடுக்கப் போகிறார் என்பதுபோல்
அசையாமல் நின்றது.

கடந்த பிறகு கேட்டேன்.
கட்டின் மேலே இருந்த படம்:
மஞ்சள் சேலைக்காரி, தனியே,
காற்றில் முந்தானையைப் பிடிக்க
இரண்டு கையும் போதாமல்.
இதை எனக்குக் கொடுங்கள், நூறு தருகிறேன்.

லல்லன் நின்றுவிட்டார். கோபமில்லை.
“என்னுடையதா இருந்தா கொடுத்திருப்பேன்.”
அவ்வளவுதான்.
எனக்குக் காது சுட்டது.

மச்சான் கடையில் பிரிண்டர் உயிர்பெற்று
மெதுவாக நாக்கை நீட்டியது.
வளைவு,
தாஜில் கால்வாசி,
புறாக்கள்,
கண்ணை மூடிக்கொண்டு நான்.
எனக்குப் பின்னால் யாரோ ஒருவர்
அண்ணாந்து பாட்டிலில் தண்ணீர் குடிக்கிறார்;
படத்திலேயே அவர்தான் தெளிவு.

“திரும்பப் போலாம், இன்னொன்னு எடுக்கறேன், காசு வேண்டாம்.”
முழங்கால் மறுத்தது.
அறுபதைக் கொடுத்தேன்.
படத்தையும் அவரிடமே கொடுத்தேன்.
கட்டில் வையுங்கள்.
“யார் வருவாங்க?”
தண்ணீர் குடிக்கிறவர் வரலாம்.

அவர் சிரிக்கவில்லை.
தேதி எழுதினார், பெயர் கேட்டார்.
திலகவதி என்று எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன்.
திருப்பி வாசித்தபோது
எங்கோ பக்கத்துத் தெருவில் இருப்பவள்போல் கேட்டது.

உள்ளே,
வெயில் எட்டாத ஒரு கூடத்தில்
தலையில்லாத ஒருத்தி.
காலடியில் அட்டை:
வலது கை உடைந்துள்ளது. தாமரை ஏந்தியிருந்திருக்கலாம்.
அந்தக் ‘கலாம்’ போடுமுன்
எழுதியவர் எத்தனை நேரம் பேனாவைக் கடித்தாரோ.

அந்தரத்தில் வைத்த என் கை
நினைவுக்கு வந்தது.
பை வாங்கி வைத்தவர்கள் கொடுத்த டோக்கன்
அதில்தான் இருந்தது.
எண் இருநூற்றுப் பதினாலு.
வியர்த்திருந்தது.