இருபத்திரண்டு நாற்காலி

மூவாயிரம் வெள்ளி மானியம் வந்தது.
மின்விசிறி நான்கு, ஒழுகும் கூரைக்குத் தகரம்,
மிச்சத்தில் நாற்காலி இருபத்திரண்டு.
ஜெலுத்தோங் அடுக்குமாடியின் பொது மண்டபத்துக்கு
அவ்வளவுதான் கட்டுப்படியானது.

திறந்த அன்றிரவு மழை.
யார் வரப்போகிறார்கள் என்றுதான்
பொருளாளர் நான் இருந்தேன்.
அறுபது பேர்.

முதலில் நொராய்னி மேலே போய்
தன் வீட்டு முக்காலியோடு வந்தாள்.
பிறகு லிஃப்ட் திறக்கத் திறக்க
நாற்காலிகள் இறங்கின:
பிரம்பு, பிளாஸ்டிக்,
கால் ஒடிந்து கயிறு சுற்றியது,
பன்னிரண்டாம் மாடி கியாட் உருட்டி வந்த
சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி.

அதில் போய் உட்கார்ந்தார் தேவசகாயம்.
கார் நிறுத்தும் இடத்துக்காக
நான்கு வருடம் கியாட்டோடு பேசாதவர்.
யாருடையது என்று அவருக்குத் தெரியாது.
கியாட்டும் சொல்லவில்லை.
மீகூன் தட்டை மட்டும் நீட்டினார்.

இப்போது அறிக்கை எழுதுகிறேன்.
வாங்கிய நாற்காலிகள்: இருபத்திரண்டு.
மண்டபத்தில் இருப்பவை: ஐம்பத்தேழு.
தணிக்கையாளர் கேட்பார்.
கேட்கட்டும்.
எது எந்த வீட்டுடையது என்று
எங்களுக்கே குழம்பிவிட்டது.
திரும்ப எடுத்துப்போக
இன்னும் ஒருவரும் வரவில்லை,
உட்காரத்தான் வருகிறார்கள்.