கம்ப்ரசர் – பையன் 1

ஏஜென்ட் மேடம் டி.எச். ரோட்டில்
செல்போன் கடைக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார்.
நான் படியேறி முடிப்பதற்குள் கேட்டுவிட்டார்:
லெட்டர்ஹெட்டில் அனுபவச் சான்று,
என்னென்ன வேலை, யாருக்குக் கீழே,
சம்பளம் பேங்கில் விழுந்ததற்கு அத்தாட்சி.

சம்பளம் என் சட்டைப்பையில் விழுந்தது, மேடம்.
சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை.
ஈர நோட்டு.
பரிமளா அதைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பாள்.

ஐ.டி.ஐ. மார்க்‌ஷீட்டில் தேசிங்கு,
பாஸ்போர்ட்டில் தேசிங்,
ரேஷன் கார்டில் எவனோ தேசிகன்.
குடும்பப் பெயர் என்று வேறு ஒரு கட்டம்.
என்னிடம் இருப்பது ஓர் எழுத்து, பக்கத்தில் ஒரு புள்ளி.
விரித்தால் முனிரத்தினம்.
துறைமுகத்தில் மூட்டை தூக்கி
பதினெட்டு வருடம் முன்பு போய்ச் சேர்ந்தவர்.
இப்போது வருகிற மெயில் எல்லாம்
டியர் மிஸ்டர் முனிரத்தினம் என்றுதான் ஆரம்பிக்கிறது.
ஆஸ்திரேலியா என் அப்பாவைக் கூப்பிடுகிறது.

வேலையை விவரி என்றது அடுத்த பக்கம்.
காசிமேட்டில் ஐஸ் கம்பெனி.
அமோனியா கம்ப்ரசர் இரண்டு, ஒன்று என்னைவிட மூத்தது.
வால்வு தேய்ந்தால் காதுக்குத் தெரியும்,
கேஸ்கெட் கசிந்தால் கண்ணுக்கு.
கந்தகத் திரி கொளுத்திக் குழாயோரம் நடந்தால்
ஓட்டை இருக்கிற இடத்தில் வெள்ளையாய்ப் புகையும்.
ஒரு ஆடி மாதம் பைப் வெடித்து
உள்ளே போய் மூடிவிட்டு வந்தேன்,
மூன்று நாள் குரல் வரவில்லை.
‘பாதுகாப்பு நடைமுறைகளைப் பின்பற்றினார்’ என்று
மேடம் அதைத் திருத்தினார்.

வாரத்துக்கு எத்தனை மணி?
தடைக்காலம் முடிகிற வாரம்
லாஞ்சு எல்லாம் வரிசைகட்டி நிற்கும்,
கூட்டிப் பார்த்தேன், நூற்றுப்பத்து வந்தது.
கட்டத்தில் இரண்டு இலக்கம்தான் விழுகிறது.
“நாப்பத்தெட்டு போடுங்க.
நெஜத்தப் போட்டா பொய்யின்னு திருப்பி அனுப்பிடுவான்.”

வெல்டர் என்றால் ஒரு கேட்டைக் காட்டலாம்,
கொத்தனாருக்குச் சுவர் இருக்கிறது.
நான் செய்ததெல்லாம் மறுநாள் மத்தியானத்துக்குள்
வஞ்சிரத்தின் வயிற்றுக்கடியில் தண்ணீர்.

முதலாளி இல்லை, மகன் இருக்கிறார்.
லெட்டர் தர்றேன், ரிஜிஸ்டர்ல பேர் இருக்கணும் என்றார்.
கணக்கர் குலோத்துங்கன் பரணிலிருந்து இறக்கினார்
பத்தொன்பது நோட்டு.
உப்புக்காற்றில் ஒவ்வொரு பக்கமும் அப்பளம்.
லோடு: கபாலி, பெரிய கபாலி, மஸ்தான்.
ஐஸ் உடைப்பு: ஒத்தக்கை ஏசுதாஸ்.
அதற்குக் கீழே எல்லா வாரமும் எல்லா வருடமும்
கம்ப்ரசர் – பையன் 1.
முதல் நோட்டில் பையனுக்கு நானூறு.
கடைசி நோட்டில் நாலாயிரத்து இருநூறு.
நடுவே
பையன் கல்யாணம், முன்பணம் ஐயாயிரம்.
பையனுக்குப் பெண் குழந்தை, லட்டு கம்பெனி செலவு.
பையன் ஆஸ்பத்திரி, மூன்று நாள், சம்பளம் பிடித்தம்.

பாரிமுனை நோட்டரியிடம்
இருபது ரூபாய் முத்திரைத்தாளில் டைப் அடித்தோம்:
மேற்படி கணக்குப் புத்தகங்களில்
பையன் என்று குறிப்பிடப்படும் நபரும்
முனிரத்தினம் மகன் தேசிங்கு, வயது நாற்பத்திரண்டு, என்பவரும்
ஒருவரே என இதனால் உறுதி கூறுகிறேன்.
நோட்டரி கண்ணாடியை இறக்கினார்,
என் மீசையின் நரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்,
சீல் குத்தினார்.

லெட்டர் வாங்கப் போன சாயங்காலம்
வாசலிலேயே நின்றுவிட்டேன்.
இரண்டாவது மெஷின் இருமிக்கொண்டிருந்தது.
சக்‌ஷன் வால்வு.
உள்ளேயிருந்து ஒருத்தன் ஓடிவந்தான்,
ஒடிசாவோ பீகாரோ,
கையில் தப்பான ஸ்பானர்.
சரியானதை எடுத்துக் கொடுத்துப் பேர் கேட்டேன்.
சொன்னான், சத்தத்தில் விழவில்லை.
மறுபடி கேட்டேன்.
அதை வாயிலேயே வைத்துக்கொண்டு போய்
இந்த வார நோட்டில் எழுதச் சொன்னேன்.
“போற நேரத்துல உனுக்கு இன்னா தேசிங்கு”
என்று சலித்துக்கொண்டே
குலோத்துங்கன் எழுதினார்.

பென்சிலால்.