வரைபடத்தில் இல்லாத கயிறு

முதல் வரைபடத்தில் ஏழு கதவுகள் இருந்தன.
பல் மருத்துவர் செங்கமலம்
அஸ்தம்பட்டியில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து
சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கி
ஐந்தைப் பிடுங்கினார்,
மரத்துப்போன ஈறிலிருந்து எடுப்பதுபோல்
சத்தமில்லாமல்.

அடுத்த வாரம் சாப்பாட்டு மேசை போனது.
அதற்கடுத்த வாரம் பூஜை அறை, விருந்தாளி அறை,
மாடிப்படி,
படி போனதால் மாடியும்.
"ஏறி வர்றதே மலை, அதுக்கு மேல எதுக்குங்க மாடி?"
எனக்குக் கட்டணம் சதுர அடிக்கு.
சிரித்துவைத்தேன்.

மஞ்சக்குட்டை தாண்டி
காப்பிச் செடி தீர்ந்து கல் தொடங்கும் சரிவில்
பதினோரு சென்ட்.
நடுவில் ஒரு பாறை,
படுத்திருக்கும் காட்டெருமை முதுகளவு.
வெடி வைக்கலாம் என்றார் கான்ட்ராக்டர் அல்போன்ஸ்.
செங்கமலம் அதன்மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார்.
நாற்காலிச் செலவு மிச்சம்.
சுவர் பாறையை வீட்டுக்குள் விட்டுவிட்டு
சுற்றிக்கொண்டு போனது.

செவ்வாய்ப்பேட்டைக் கம்பி
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருவதற்குள்
விலை இரண்டு முறை வளைந்தது.
சிமெண்ட் மூட்டைக்கு ஏற்றுகூலி, இறக்குகூலி,
பனியில் லாரி நின்ற நாளுக்கு நின்ற கூலி.
எளிமையின் பாதி லாரி வாடகை என்று
அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஒரே அறை.
தெற்கே பார்த்து ஒரே ஜன்னல்.
இருட்டியதும் கீழே சேலம் வரும்,
அவர் வேண்டாமென்று விட்டதெல்லாம்
விளக்குப் போட்டுக்கொண்டு.

கல் சுமந்த சடைச்சி வேலை முடிந்த அன்று
உள்ளே வந்தாள்.
சுற்றிப் பார்க்க ஒன்றுமில்லை,
நின்ற இடத்திலேயே ஒருமுறை திரும்பினாள்.
"எங்க வூடும் இதே அளவுதான் சார்.
நாங்க அதுல ஆறு பேரு."
பிறகு பாறையைத் தொட்டு
"இதுமட்டும் எங்ககிட்ட வெளியில கெடக்கு" என்றாள்.
புகைப்படக்காரர் அவளைக் கொஞ்சம்
தள்ளி நிற்கச் சொன்னார்.

ஐப்பசியில் போன்.
"நாலு நாளா துணி காயலைங்க."
வரைபடத்தை விரித்துத் தேடினேன்.
படுக்கை இருந்தது, அடுப்பு இருந்தது,
வெளிச்சம் விழும் கோணம் அம்புக்குறியோடு இருந்தது.
ஈரத்துக்கு இடமில்லை.
அவர் அடித்ததா, நானே வரையவில்லையா,
மூன்று பிரதியிலும் பார்த்தேன்.

போனபோது ஜன்னலில் சேலம் இல்லை,
வெள்ளையாக ஒன்று நின்றிருந்தது.
பாறை வியர்த்திருந்தது.
சுவரில் ஆணியே கூடாதென்று
எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்
சுத்தியலை என் கையில் தந்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
முதல் ஆணி வளைந்தது.
இரண்டாவதுக்குப் பூச்சு உதிர்ந்தது, உள்ளங்கை அகலம்.
அப்படியே இருக்கட்டும் என்றார்.

தை மாதம் பாக்கி வாங்கப் போனேன்.
அடுப்புக்கு மேலே குறுக்காக நைலான் கயிறு,
நடுவில் கொஞ்சம் தொய்ந்து.
ஒரு வெள்ளைக் கோட்டு,
பக்கத்தில் பள்ளிச் சீருடை மூன்று,
பெரியது, அதைவிடச் சின்னது, ரொம்பச் சின்னது.
யாருடையது என்று கேட்கவில்லை.
காசோலை வாங்கிக்கொண்டு
குனிந்துதான் வெளியே வரவேண்டியிருந்தது.