கேள்வி நேரம்: ஐந்து நிமிடம்

பதாகை பழையது. திகதிக்கு மேல்
வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறேன்.
மின்விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
தாள் எழும்பிப் போன மார்கழியைக் காட்டிவிட்டுப்
படுத்துக்கொள்கிறது.

பீடத்து பஸ் ஆனையிறவு தாண்டி
யாழ்ப்பாணம் வந்து சேர ஒன்பதே கால்.
பெடியள் இறங்கினார்கள். ப்ரொஜெக்டர் இறங்கியது.
பட்டிஸ் பெட்டிகள் இறங்கின.
'நிலத்தடி நீர்: பொதுமக்களுடன் ஓர் உரையாடல்'
என்று அச்சடித்த முந்நூறு கோப்புகள்.
பொதுமக்கள் நாற்பத்தொரு பேர்.
அதில் ஆறு பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்.

என் வேலை ஒலிவாங்கி.
கை உயர்ந்த இடத்துக்கு நடப்பது,
நீட்டுவது, திரும்பப் பெறுவது.
பெறுவதுதான் கஷ்டம்.

குத்துவிளக்கின் ஐந்தாவது திரி பற்ற மறுத்தது.
பீடாதிபதி மூன்று குச்சி கிழித்தார்.
பிறகு கலாநிதி வாசுகி நேசதுரை.
நல்ல தமிழ், படங்கள் மட்டும் ஆங்கிலம்.
"அக்வி" என்று தொடங்கி நிறுத்தி
"நிலத்துக்குள்ள ஒரு பெரிய கடற்பஞ்சு மாதிரி" என்றார்.
சுண்ணாம்புக்கல்லைக் காற்றில் பிசைந்து காட்டினார்.

பதினேழாவது படம் குடாநாடு.
சாக்கில் காயப்போட்ட மிளகாய்போல
பச்சை, மஞ்சள்.
சிவப்பு ஒன்பது.

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர்
ஓய்வுபெற்ற நில அளவையாளர்.
இரணைமடுவில் தொடங்கி
கனடாவில் இருக்கும் மருமகன்வரை போனார்.
நாலரை நிமிடம். கேள்விக்குறி வரவேயில்லை.
மிச்சக்காசுக்கு நிற்கிறவன்போலக்
கை நீட்டியபடி நின்றேன்.

பிறகு பின்வரிசையில் ஒரு கை.
முழுதாக உயரவில்லை, காதளவில் நின்றது.
"அந்தச் சிவப்பில, புன்னாலைக்கட்டுவனுக்குக் கிட்ட
ரெண்டு ஒட்டிக்கொண்டு இருக்குதே,
வலப்பக்கம் இருக்கிறது ஆற்றை கிணறு?"

ஆய்வு நெறிமுறைப்படி
இடங்களை அடையாளப்படுத்த இயலாது என்றார் கலாநிதி.
மெல்லத்தான் சொன்னார்.

"இல்லைப் பிள்ளை, ஊராற்றை நான் கேக்கேல்லை.
என்ரை எண்டால் எனக்குச் சொல்லலாந்தானே?"

மண்டபம் சிரித்தது.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
கிணறு இருபத்துமூன்று.
அதற்குள் கயிறு விட்டவன் நான்.
கட்டில் நீலச் சவர்க்காரப்பெட்டி இருந்தது.
வெயில் எண்டு ப்ளேன்ரீ தந்தா, குடித்தேன்.
போத்தலில் இலக்கம் எழுதும்போது கேட்டா:
"முடிவு வந்தாச் சொல்லுவியளோ?"
"ஓம் அக்கா" என்றேன்.
இரண்டு வருடமும் மூன்று மாதமும்.

ஒலிவாங்கி இப்போது எங்கள் இருவரின் கையிலும்.
என்னைத் தெரிந்ததோ தெரியாது.
அன்றைக்கு நான் தொப்பி போட்டிருந்தேன்.

நேரம் முடிந்தது என்றார் தலைவர்.
நன்றியுரை சண்முகரூபன், மூன்றாம் வருடம்.
அனுசரணையாளருக்கு, சிற்றுண்டிக்கு, ஒலியமைப்புக்கு.
என் பெயரையும் சொன்னான்.
கைதட்டினார்கள்.

வயர் சுற்றும்போது பார்த்தேன்,
வாசலில் அவ குடையைத் தேடிக்கொண்டிருந்தா.
ஒரு கோப்பின் பின்னட்டையைக் கிழித்து
நைத்திரேற்று 71 என்று எழுதினேன்.
அதற்குக் கீழே 50. இது எல்லை.
நெறிமுறை மீறல்தான். தெரியும்.

வாசித்தா. அட்டையைத் திருப்பிப் பார்த்தா,
மறுபக்கம் வேறேதும் இருக்குமோ என்று.
மறுபக்கத்தில் பீடத்தின் இலச்சினை.

"கொதிக்க வைச்சால் போகுமோ?"
"போகாதக்கா. கூடும்."
"அப்ப?"

பீடத்து பஸ் ஹோர்ன் அடித்தது.
மேடை மேசையில் பிரமுகர்களின் தண்ணீர்ப் போத்தல்கள்.
ஐந்து பாதி குடித்தவை.
மூடி உடைக்காத இரண்டை
எடுத்து வந்து கொடுத்தேன்.

வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு
குடையை விரித்தா.
"இது இண்டைக்குக் காணும், தம்பி."